போயிட்டு வாரேன்

காலை ஆறே முக்காலுக்கு நம்பிராஜன் வீட்டுக் கணினியில் ஓடவிட்டுப்போன விடாப்பணி அடுப்பில் வெந்நீர் போட்டது. "வடிவு, மாத்திரை போட்டியா?" என்று அவர் குரலிலேயே கேட்டது.

"போட்டாச்சு" என்றாள் சங்கரவடிவு.

கணவர் நம்பிராஜன் இறந்து பதினான்கு மாதம். அவளுக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. மரத்துப்போயிருந்தாள்.

முன்பெல்லாம் ஆள் கணினியை விட்டு வெளியேறினால், அவர் ஓடவிட்ட வேலையும் பாதியில் செத்துவிடும். ஆள் போனபின்னும் ஓடும் விடாப்பணி வந்தபின், வீட்டுப்பொறி விடைபெறும் சொல்லைக் கவனித்தது. 'வருகிறேன்' என்றால் வேலை தொடரும், 'போகிறேன்' என்றால் நிற்கும். விதி எழுதியவர்கள் மகா கெட்டிக்காரர்கள், ஆனால் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வாசலிலும் நின்று கேட்டதில்லை. இங்கே யார் வாய் திறந்து 'போறேன்' என்பார்கள்? மூச்சு வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நம்பிராஜனும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொன்னார். ஆள் திரும்பவில்லை, வேலை மட்டும் தொடர்ந்தது.

இன்று வடிவு வீட்டைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடியில் தங்கையோடு இருக்கக் கிளம்புகிறாள். பணிநிறுத்த அலுவலர் ஜெபமணி காலையிலேயே வந்துவிட்டாள்.

"வாசல்ல நின்னு 'போறேன்'னு சொல்லுங்கக்கா. வீட்டுல ஓடுறது எல்லாம் நின்னுரும்."

"சொல்லலேன்னா?"

"ஆள் இல்லாட்டியும் ஓடிக்கிட்டேதான் கெடக்கும்."

இனி காலி அடுக்களையைப் பார்த்து அவர் தினமும் மாத்திரை போட்டியா என்று கேட்பார், பதில் வராது. இத்தனை மாதத்தில் வடிவுக்கு வலித்தது இது ஒன்றுதான். பையைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றாள்.

"போறேன்."

நிறுத்துமுன் பொறி ஒருமுறை உறுதி கேட்கும். கேட்டது நம்பிராஜனின் குரல்.

"ஏட்டி, வெளிய கெளம்பும்போது போறேன்னு சொல்லாதன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன்? ஒழுங்காச் சொல்லு."

முப்பத்தொரு வருஷப் பழக்கம். நாக்கு அவளைக் கேட்கவில்லை.

"சரி சரி. போயிட்டு வாரேன்."

"ம். பாத்துப் போ."

ஜெபமணியின் கைப்பலகையில் வரி மாறியது: இரண்டு பணிகள் தொடர்கின்றன.

"ரெண்டாவது யாருது?"

"உங்களோடதுக்கா. தெனமும் பதில் சொன்னீங்கள்லா, பொறி அதையும் ஒரு வேலையா எடுத்துக்கிட்டிருக்கு. இன்னொரு தடவ 'போறேன்'னு சொல்லிப் பாருங்க."

வடிவு கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வேண்டாம். பதில் சொல்லத்தான் ஆள் இருக்குல்லா" என்று பூட்டினாள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பூட்டிய வீட்டில் வெந்நீர் கொதித்தது.

"வடிவு, மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

தூத்துக்குடியில் வடிவு மாத்திரை போட மறந்திருந்தாள்.