சிக்கு முடி

வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்த கம்பளி சுருங்கத்தான் வேண்டும். ஆஷ்லின் நேற்று உருட்டிக் கொடியில் போட்ட கம்பளிச் சடைகள் ஒரு சாண் நீண்டிருந்தன.

ஈரத்தின் பாரத்தில் இழுபட்டிருக்கும் என்று நினைத்தாள். இழுபட்டால் மெலிய வேண்டும். இவை மெலியவில்லை; அடி முதல் நுனி வரை சுண்டுவிரல் கனத்தில், மிளகுக்கொடியின் தண்டைப்போல் திண்ணென்று இருந்தன. எரிச்சலோடு கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் அளவுக்கு நறுக்கினாள். துண்டுகளை அடுப்பில் போட்டபோது, கம்பளி கருகும் நாற்றத்தோடு சீயக்காய் வாசனையும் எழுந்தது. இந்த வீட்டுக்கு அவள் சீயக்காய் வாங்கியதே இல்லை.

சடைகள் பாண்டிச்சேரி மோனிஷாவுக்கு. மேடையில் ஆடுகிற பெண். கம்பளிச் சடைகளைத் தன் முடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு ஆடுவாள். முதலில் அனுப்பியவை சாயம்போய் அவள் தோளெல்லாம் கறையாக்கின. அடுத்து அனுப்பியவை ஒத்திகையிலேயே பிரிந்து தொங்கின. இது கடைசி வாய்ப்பு. பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, "எவ தலைக்கோ நம்ம ஊட்டுல மயிர் திரிக்கிறா பாரு" என்று மாமியார் ஊர் முழுக்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, புருஷன் ஆசிரைச் சேலத்திலேயே விட்டுவிட்டு, நாகலூரில் இந்தப் பழைய எஸ்டேட் வீட்டை வாடகைக்குப் பிடித்து வந்தவள் ஆஷ்லின். பார்சல் இன்று பஸ் ஏறாவிட்டால் மாமியார் சொன்னதே சரியென்று ஆகிவிடும். மறுபடியும் அந்த ஆபீஸ் நாற்காலிதான்.

போதாக்குறைக்குக் கம்பளியும் ஏமாற்றியிருந்தது. துவைத்தாலும் சுருங்காதபடி மருந்து போட்ட ரகத்தை யாரோ தலையில் கட்டிவிட்டார்கள். என்ன தேய்த்தாலும் அது இறுகாமல் பஞ்சு பஞ்சாகக் கலைந்துபோனது. உள்ளங்கை வெந்ததுதான் மிச்சம். நேற்றுக் காலை கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சமையலறைச் சுவரில் சாய்ந்து அழுதபோதுதான், கல்லிடுக்கில் செருகியிருந்த சிக்கு முடி அவள் கன்னத்தில் உரசியது.

தலைவாரும்போது உதிர்வதைச் சுருட்டிச் சுவரிடுக்கில் செருகிவைத்து, பாத்திரக்காரன் வரும்போது போட்டுவிட்டு ஏதாவது டப்பா வாங்கிக்கொள்வது பெண்கள் வழக்கம்தான். முன்பு குடியிருந்தவள் மறந்துவிட்டுப் போயிருப்பாள். இழுத்தாள். உருண்டை உருண்டையாக வந்துகொண்டே இருந்தது. அதை அலசி, நீவி, நடுவில் வைத்துக் கம்பளியைச் சுற்றி மூங்கில் பாயில் உருட்டியதும், அவ்வளவு நேரம் அடம்பிடித்த கம்பளி முடியைக் கவ்விக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

போன் அடித்தது. மோனிஷா.

"அக்கா, இந்தத் தடவையும் சொதப்பிடாதீங்க. கோவிச்சுக்காதீங்க, அப்புறம் நான் ரெடிமேடே வாங்கிக்குவேன்."

"சொதப்பாதுங்க மோனிஷா. சாயம் ஏறுனா முடிஞ்சுது. சாயங்கால பஸ்ல ஏத்திடறேன்."

கருப்புச் சாயத்தைக் கொதிக்கவைத்து, வினிகர் ஊற்றி, நறுக்கிய சடைகளை அண்டாவில் அமுக்கி மூடினாள். வெளியே மூடுபனி காப்பிச் செடிகளை விழுங்கிவிட்டு வாசற்படிவரை வந்து நின்றது. கரண்ட் மத்தியானமே போய்விட்டது. சவுக்கு மரத்தில் தேங்கிய பனி தகரக் கூரையில் விட்டு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது; அந்தச் சொட்டுகளுக்கு நடுவே, மூடிய அண்டாவுக்குள் யாரோ ஈரத் தலையைக் கோதுவதுபோல் ஏதோ சளசளத்தது. கொதி அடங்குகிற சத்தம் என்று சொல்லிக்கொண்டாள். இறக்கித் தரையில் வைத்து ஆறவிட்டாள்.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் வாசலில் வந்து மூக்கைப் பொத்தினாள்.

"ஏங்கண்ணு, என்னத்தைப் போட்டு எரிச்சே? எங்கூடு வரைக்கும் நாறுது. ஊட்டுக்காரனை அரிஞ்சு அடுப்புல வெச்சுட்டியோன்னு ஓடியாந்தேன்."

"அந்த ஆளு சேலத்துல நல்லாத்தானுங்க்கா இருக்காரு. இது கம்பளிங்க." ஆஷ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க்கா, எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்களுக்கு நொம்ப நீள முடிங்களா?"

"எஸ்டேட்டுல கணக்கெழுதுன சூசைமாணிக்கம் ரைட்டருக்கா?" மரியபுஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவரு தலையில ஈ உக்காந்தா வழுக்கி உழுகும் சாமி!"

"அவரு சம்சாரத்துக்கு?"

"சம்சாரமேது? ஒண்டிக்கட்டை. இந்த ஊடு கட்டுன நாள்ல இருந்து பொம்பளைன்னு குடியிருக்கறவ நீதான்."

சிரித்தபடியே பனிக்குள் போய்விட்டாள். நாலு எட்டில் ஆளும் மறைந்தாள், சிரிப்பும் நின்றது.

ஆஷ்லின் சுவரிடுக்கைப் பார்க்கவில்லை. ரைட்டரின் அக்காவோ தங்கையோ வந்து தங்கியிருப்பாள். எவள் முடியாய் இருந்தால் என்ன? பஸ்ஸுக்கு நேரமாகிறது. மூடியைத் திறந்து, கையில் அகப்பட்ட முதல் சடையைத் தூக்கினாள்.

வந்தது. சொட்டச் சொட்ட வந்தது. அளவு தாண்டியும் வந்தது.

"இப்பத்தானே நறுக்குனேன்!"

ஆத்திரத்தில் அதை முழங்கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள். முழங்கால் உயர அண்டா. அதற்குள்ளிருந்து சடை வந்துகொண்டே இருந்தது. சாயத்தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

நின்றது. அடியில் எதிலோ மாட்டியிருந்தது.

வெடுக்கென்று இழுத்தாள்.

"ஸ்ஸ்..."

அவளுக்குத் தெரிந்த சத்தம். சீப்பு சிக்கில் மாட்டி இழுக்கும்போது பல்லிடுக்கில் உறிஞ்சும் மூச்சு.

கூரையில் சொட்டுவது நின்றிருந்தது.

விட்டுவிட வேண்டும். கை சொன்னது, விடு. ஆனால் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. பார்சல் ஏற வேண்டிய ஒண்டிக்கடை பஸ். இதோ வந்துவிடும். மோனிஷாவின் "கோவிச்சுக்காதீங்க". மாமியாரின் வாய். இரண்டு தடவை தோற்ற சடைகள். எல்லாம் சேர்ந்து நெஞ்சுக்குள் பொங்கின. அண்டாவின் விளிம்பில் ஒரு காலை ஊன்றினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். கத்தினாள்.

"வந்து தொலையேன்!"

மறுமுனை இளகியது.

இழுக்காமலே வந்தது.

பஸ் வாசலைத் தாண்டிப் போனது. அவள் திரும்பவில்லை.

கருப்புத் தண்ணீர் நடுவில் விலகியது. வெள்ளையாய் ஒரு கோடு. நேர்கோடு.

வகிடு.

இரண்டு பக்கமும் சடைகள். அவள் உருட்டியவை. ஒவ்வொன்றும் தோலில் முளைத்து.

வகிடு மெல்ல மேலே எழும்பியது.

பிறகு நெற்றி.