வடக்குச் சுவரின் அறை

வெளியிலிருந்து எண்ணியபோது வடக்குச் சுவரில் ஐந்து ஜன்னல்கள் இருந்தன. உள்ளே வந்து எண்ணினால் நான்கு.

ஹேசல் மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். கணவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. டெஸ்மண்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்துப் பழைய தேவாலயங்கள் அத்தனையையும் பார்த்து முடிப்பது என்று கிளம்பியவர். ஓல்ட்மெயர் கிராமத்து இந்தத் தேவாலயம் இருநூற்றுப் பதினொன்றாவது. அவர் நோட்டில் எழுதுவார். அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும் எண்ணிச் சொல்வதும் அவள் வேலை. போன வாரம் ஒரு தூணைத் தப்பாக எண்ணிவிட்டாள் என்பதை இன்று மதியம் விடுதியின் சாப்பாட்டு மேஜையில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நவம்பர் மாதத்து மூன்று மணி வெளிச்சம் சாம்பலாகக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்தது. கூரையில் மழை. ஜெபத்துக்கு முழங்காலிடும் மெத்தைகளின் ஈர வாடை, பீடத்து மெழுகுவர்த்தியின் புகை, யாரோ ஜாடியில் செருகியிருந்த செவ்வந்தியின் கசந்த மணம், எல்லாவற்றுக்கும் அடியில் புது வீட்டுக்கு வெள்ளையடித்த மறுநாள் வருமே, அந்தப் பச்சைச் சுண்ணாம்பு வாசனை. எழுநூறு வருஷத்துச் சுவர். ஹேசல் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் மெல்ல உள்ளே அமிழ்ந்தது.

"என்ன, சுவரைத் தடவிட்டு நிக்கறே? எத்தனை?"

"வெளிய அஞ்சு. உள்ள நாலுதான் இருக்கு."

"உனக்கு எண்ணத் தெரிஞ்சாத்தானே!"

"அவங்க சரியாத்தான் எண்ணியிருக்காங்க."

பின்னாலிருந்து வந்தது குரல். செவ்வந்தித் தண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். மேபல் பெட்லி, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்பவள் என்று சொன்னாள். பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய திரைச்சீலையை ஒதுக்கினாள். இடுப்பளவு உயரமே உள்ள ஒரு வாசல். அருகே செதுக்கிய கற்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஈரச்சாக்கு போர்த்திய ஒரு சாந்துத் தொட்டி.

"அந்த அஞ்சாவது ஜன்னல் இந்த ரூமோடது. ஒரு பொண்ணு உள்ள போயிடுவா. வெளியிலேர்ந்து கல்லு வச்சு வாசலைக் கட்டிடுவாங்க. சாகற வரைக்கும் ஊருக்காக ஜெபம் பண்ணுவா."

டெஸ்மண்டின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பப் பழுது பாக்கறீங்களாக்கும்?"

"பழுது இல்லைங்க. அடுத்தவங்க வர்ற வரைக்கும் திறந்து வச்சிருக்கோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்படி வச்சுக் கட்டறதெல்லாம் எந்தக் காலத்துல?" என்று கேட்டாள் ஹேசல்.

மேபல் துணிக்கடையில் அளவு பார்ப்பதுபோல ஹேசலின் தோளையும் இடுப்பையும் பார்த்தாள்.

"உள்ள போய் அளந்துட்டு வா. எனக்கு முட்டி மடங்காது," என்றார் டெஸ்மண்ட்.

"ரொம்ப இருட்டா இருக்கு. வேணாமே."

"முப்பது வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்தறேன். நான் பயந்தேனா?"

அவள் தவழ்ந்து உள்ளே போனாள்.

மேலே எட்டாத உயரத்தில் அந்த ஐந்தாவது ஜன்னல், அழுக்கேறி மங்கிக் கிடந்தது. பீடத்தைப் பார்த்த சுவரில் கண் மட்டத்தில் ஒரு பிளவு, கைக்குட்டை அகலத்துக்கு. அதன் வழியே மெழுகுவர்த்தியும் அதற்கப்பால் டெஸ்மண்டின் நோட்டும் தெரிந்தன. டேப்பை ஊன்றக் குனிந்தாள். தரைக்கல்லில் இரண்டு குழிகள். அவள் முழங்கால்கள் அவற்றில் பொருந்தி உட்கார்ந்தன. சட்டென்று எழுந்துவிட்டாள்.

"நீளம் எட்டடி. அகலம் ஆறடி மூணு அங்குலம்," என்று பிளவின் வழியே சொன்னாள்.

வெளியே மேபலின் குரல் தணிவாகக் கேட்டது. "வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும். இங்க அதுதான் வழக்கம்."

"தாராளமா எடுத்துக்கோங்க. டீ மட்டும் கழுநீர் மாதிரி போடுவா. முன்னாடியே சொல்லிட்டேன்."

பழக்கதோஷத்தில் ஹேசலும் சிரித்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஏதோ உரசியது. சாந்தைக் கரண்டியால் வழிக்கும் ஓசை. பிறகு, கல்மேல் கல்.

திரும்பினாள். வாசல் பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பக்கம் பூட்ஸ் கால்கள், இரண்டு மூன்று ஜோடி. இன்னொரு கல் ஏறியது. பாய்ந்து போய்த் தள்ளினாள். ஈரக்கல். அந்தப் பக்கத்திலிருந்து அதே பலத்தோடு, அவசரமே இல்லாமல், திருப்பித் தள்ளினார்கள்.

இன்னொரு கல்.

பிளவுக்கு ஓடினாள்.

"டெஸ்மண்ட்! வாசலை அடைக்கிறாங்க! சொல்லுங்க! நிறுத்தச் சொல்லுங்க!"

அவர் நிமிர்ந்தார். உதட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. பின்னர் அது போயிற்று. திரைச்சீலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கல் வைக்கும் நேர்த்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிளவின் அருகே வந்தார். இத்தனை நெருக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. ஹேசல் காத்திருந்தாள்.

"மூணா, நாலா?"

"என்னது?"

"அகலம். ஆறடி மூணா, நாலா?"

"மூணு," என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எழுதிக்கொண்டார். நோட்டை மூடினார்.

"மழை விட்டுடுச்சு," என்றார் மேபலிடம். "இருட்டறதுக்குள்ள இன்னொரு சர்ச் பாத்துடலாம்."

"ரொம்ப நன்றிங்க. ஊருக்கே பெரிய உபகாரம்."

அவர் காலடிகள் போயின. பெரிய கதவு. சாவி.

அறை வாசலில் கடைசிக் கல்.

அவள் கத்தினாள். குரல் உடையும்வரை. பிளவின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். எதிரே மெழுகுவர்த்தி. அசையாத சுடர். அந்த வெளிச்சத்தில் தன் விரல்கள் தெரிந்தன. பத்து விரல்கள்.

அப்போது அவள் தோளுக்கு மேலாக இன்னொரு கை நீண்டது.

சுண்ணாம்பு பூத்த கை. நகமில்லை. அது பதறவில்லை. குழந்தை பிடித்திருக்கும் கத்தியை வாங்குகிற பக்குவத்தோடு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பிலிருந்து எடுத்தது. பத்தையும். பிறகு அவள் தோளில் அமர்ந்து, அந்தக் குழிகளை நோக்கி அவளைக் கீழே அழுத்தத் தொடங்கியது.