முதல் அழைப்புக்கே பதில்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இராணுவத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அரும்பெரும் சேவையாற்றி ஓய்வுபெற்ற சார்ஜன்ட் தரணிதரன் அவர்கள், அக்கரப்பத்தனைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தின் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியாகப் பொறுப்பேற்றுள்ளார்.

அறிவிப்பை அவரே எழுதி, லிந்துலை தேநீர்க்கடையில் அவரே வாசித்தும் காட்டினார். இரண்டு விபரங்கள் அதில் விடுபட்டிருந்தன. இப்போது அவர் பாதுகாக்கப் போவது, மூடிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இராணுவத்தில் அவர் பாதுகாத்தது, சப்பாத்துக் களஞ்சியம்.

"என் கீழ எத்தன பேருங்க?" என்று, சாவியைக் கொடுத்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயாவிடம் கேட்டார்.

"ரெண்டு நாய் இருக்கு, சாஜன். ரெண்டும் பெக்டரிக்குள்ள வராது."

ஓய்வுக்குப் பிறகு இது நான்காவது வேலை. ஹட்டனில் ஒரு சுப்பர்மார்க்கட் வாசலில் நின்றபோது, சாமான் வாங்க வந்தவர்களை உயரப்படி வரிசையில் நிற்கச் சொன்னார். பாலர் பாடசாலை வான் வண்டிக்குக் காவலாகப் போனபோது, பிள்ளைகள் அழுதுகொண்டே இடம் வலம் சொல்லி இறங்கினார்கள். நேர்முகங்களில் வேறு என்ன தெரியும் என்று கேட்டால், "சொன்னதச் செய்யத் தெரியுங்க. ஒருதரம் கூப்புட்டாப் போதும்" என்பார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வீட்டுச் சட்டிப் பானைகளை அவர் அளவுப்படி அணிவகுக்க வைத்தபோது, மனைவி ஜீவராணி மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த வேலையும் போச்சுன்னா நேரா ஒங்க ஆமிக்கே போயிருங்க. என் அடுப்படிப் பக்கம் வராதீங்க."

கண்டாக்கு ஐயாவும் தெளிவாகவே சொல்லியிருந்தார். "ஒரு மாசம் பாப்பேன். வந்து கூப்புட்டா ஆளு நிக்கணும். நிக்கலன்னா வேற ஆளு."

தொழிற்சாலை பள்ளத்தைப் பார்த்தபடி நின்றது. தகரச் சுவர்களில் துரு வழிந்து காய்ந்திருந்தது. கீழே இலை அரைத்த உருளைகள் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தன. மேல்மாடி, கொழுந்து வாட்டிய இடம். கொழுந்து அங்கே ஏறிப் பல வருடங்கள். கொழுந்து பரப்பிய சாக்குத் தட்டுகள் இற்று, எலிப்புழுக்கை சிதறிக் கிடந்தது.

ஆனால் வாசம் இருந்தது.

வாடும் பச்சைக் கொழுந்தின் வாசம். காலையில் மெல்லியதாக, மூடுபனி இறங்கும் பிற்பகலில் தொண்டையை அடைக்கும் அளவுக்கு. ஒருநாள் ஒரு தட்டின்மேல் கைவைத்துப் பார்த்தார்.

சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று முடிவுசெய்தார். அன்று வெயில் இல்லை.

தொழிற்சாலை முற்றத்தில் மாட்டுக்குப் புல் அறுக்க நாகலெட்சுமி என்றொரு பெண் வருவாள். அனுமதியில்லாமல் புல் அறுப்பது பாதுகாப்புப் பிரச்சினை என்பதால், தரணிதரன் வாசலில் நின்று அதட்டிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அரிவாள் நிற்கவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்னங்க சாஜன் ஐயா?"

"காது கேக்காதா? ஆமியில ரெண்டாந்தரம் கூப்புட வச்சாலே மைதானத்தச் சுத்தி ஓடணும்."

"ஆளு கூப்புட்டா மூணு தரம் கூப்புடுமுங்க. அது ஒருதரந்தான் கூப்புடும்." புல்லைக் கட்டிக்கொண்டே, விலைவாசி சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு முத தரத்துலயே 'என்னங்க'ன்னுட்டாரு."

"அவரு எங்க இப்ப?"

அவள் மேல்மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போயிருக்காரு."

இந்த ஒழுங்கீனத்தை ஒரு மாதத்தில் திருத்திக் காட்டுவதாக அன்று மாலை மனைவிக்குப் போனில் சொன்னார் தரணிதரன்.

மாதம் முடியும் நாளில் கண்டாக்கு ஐயா பார்வையிட வருவதாகச் சொல்லியனுப்பினார். தரணிதரன் சப்பாத்தை மினுக்கி, பெல்ட்டை இறுக்கி, மதியத்திலிருந்தே வாசலில் நின்றார். பிற்பகல் பனி, தேயிலை மலையை வரிசை வரிசையாக அழித்துக்கொண்டு இறங்கியது. முற்றம் மறைந்தது. நாய்கள் எழுந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்விட்டன. நாகலெட்சுமி புல்லுக்கட்டோடு, பனி விலகட்டும் என்று அவர் பக்கத்தில் வந்து ஒதுங்கினாள்.

வாசம் கனத்தது.

உள்ளே எங்கோ தார்ப்பாய் சரியும் ஓசை. பிறகு, தூக்கத்தில் பல் அரைப்பதுபோல, உருளை ஒன்று மெல்லச் சுழன்றது.

"கரண்டே இல்லையே" என்றார் அவர்.

நாகலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. அவசரமில்லாத, உத்தரவிட்டுப் பழகிய குரல்.

"தரணிதரன்."

"பேசாதீங்க" என்று கிசுகிசுத்தாள் அவள். "இன்னும் ரெண்டு வரட்டும்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அது கண்டாக்கு ஐயாவாக இருந்தால்? கூப்பிட்டு ஆள் நிற்கவில்லை என்றால் இந்த வேலையும் போயிற்று. ஐந்தாவது வேலைக்கு யாரிடம் போய் நிற்பது? அடுப்படி வாசலில் ஜீவராணி கைகட்டி நிற்பதுகூடத் தெரிந்தது.

இரண்டாவது அழைப்பு வரவில்லை.

"ஐயா, வேணாமுங்க."

குதிகால்கள் தாமாகவே சேர்ந்து அடித்தன; வாய் தானாகப் பதில் சொன்னது.

"சேர்!"

மலை அந்தச் சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டது. எதிரொலி வரவில்லை.

பிறகு, வெகு கீழே, ஆற்றுப் பாலத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து, மோட்டார் சைக்கிள் ஒன்று திணறி ஏறும் ஓசை கேட்டது. கண்டாக்கு ஐயாவின் வண்டி. இப்போதுதான் மலையேறத் தொடங்கியிருந்தது.

தரணிதரன் நாகலெட்சுமியைப் பார்த்தார். சார்ஜன்ட் முகம் அல்ல அது. முதல்நாள் ஆமிக்குப் போன பையனின் முகம்.

"மேல வா" என்றது குரல். இப்போது மாடியிலிருந்து.

அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். அவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விடமாட்டேன் என்பதுபோல இறுக்கினார். ஆனால் கால்கள் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்காமலே நடந்து பழகிய கால்கள். இடம், வலம், இடம், வலம் என்று படியேறின. துணி கிழிந்தது.

கண்டாக்கு ஐயா வந்தபோது, அவள் கையில் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. மாடியில் எலிப்புழுக்கை இருந்தது. வேறெதுவும் இல்லை. பொலிஸ் வந்து தேடியது. குடும்பப் பிரச்சினையா என்று விசாரித்தது. தேநீர் குடித்துவிட்டுப் போனது.

ஜீவராணி வந்தாள். பனி இறங்கும் நேரத்தில் முற்றத்தில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவன் பெயரைச் சொல்லி அழைத்தாள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் குரல் உடைந்தது.

"வீட்டுக்கு வாங்க. பானையெல்லாம் நீங்க வச்ச மாதிரியேதான் இருக்கு."

அவள் மாடி ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

பிறகு மாடிக்குள்ளிருந்து அந்தக் குரல், ஒரே ஒரு தரம், "தரணிதரன்" என்றது.

"சேர்!"

சப்பாத்துகள் தகரக் கட்டடம் அதிர அடித்தன.

அதற்குப் பிறகு அங்கே இரும்பு திருடப் போனவர்கள் இருட்டும் முன் மலையிறங்கிக் கினிகத்தேனை ஊர் வரை ஓடியிருந்ததாகக் கேள்வி. வாசல் பூட்டுக்கு யாரோ ஒழுங்காக எண்ணெய் போடுகிறார்கள். புற்கள்கூட ஒரே உயரத்தில் நிற்பதாக நாகலெட்சுமி சொல்கிறாள்.

போன வாரம், ஓய்வுபெற்ற இன்னொரு சார்ஜன்ட் வந்து, காவல் வேலை இருக்கிறதா என்று கண்டாக்கு ஐயாவிடம் கேட்டார்.

ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.