மாஸ்க்கைத் தொடாதீய

செல்போன் அடித்தபோது ரெபேக்காள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

குற்றாலத்தில் சீசன். அவள் ஊரான இலஞ்சி வரை சாரல். ஊரே அருவிக்கு ஓடும் காலையில் அவள் மட்டும் ஜன்னல்களைச் சாத்திக்கொள்வாள். ஈரக்காற்று பட்டால் போதும், நெஞ்சு பூட்டிக்கொள்ளும். ஆஸ்துமா.

கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். இன்ஹேலரைக் காணோம்.

போனில் புது நம்பர். எடுத்தாள்.

"அக்கா... மாஸ்க்கத் தொடாதீய."

துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் ஆண் குரல்.

"யாரு... பேசுதது?"

"உங்க நல்லதுக்குச் சொல்லுதேன். அலமாரில இருக்க மெஷின்ல விஷத்த ஊத்திட்டாங்க. தளவாய் ஆளுங்க. ஒரு இழுப்பு இழுத்தியன்னா முடிஞ்சுது."

தளவாய்!

செங்கோட்டை மர வியாபாரி. பள்ளிக்கூட ஆயா முத்துச்செல்வியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தது அவருடைய கார். ஓட்டியது டிரைவர் என்கிறார். இல்லை, அவரேதான். முத்துச்செல்வி பிழைக்கவில்லை. பார்த்த ஒரே சாட்சி ரெபேக்காள். இன்று கோர்ட்டில் அவள் வாய் திறக்க வேண்டும்.

"நான்... ஆஸ்பத்திரிக்கு..."

"வெளிய போவாதீய. வாசல்ல ஆள் நிக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். போனக் கட் பண்ணாம அப்படியே இருங்க."

நெஞ்சுக்குள் விசில். நகக்கண்களில் நீலம்.

அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாக இழுக்க வைக்கும் பழைய நெபுலைசர். மாவு மில் மாதிரி கத்தும். மோட்டார் கருகி, வெறும் காட்சிப் பொருளாகத்தான் இருக்கிறது. இப்போது அவள் பிடிப்பது தலையணைக்கு அடியில் இருப்பதை. மகள் ஷெர்லின் சென்னையிலிருந்து போன வாரம் அனுப்பியது. கைக்கு அடக்கமானது, பேட்டரியில் ஓடுவது.

குரலுக்கு இது தெரியவில்லை...

ஆனால் மருந்திலேயே கலந்திருந்தால்?

மருந்துக் குப்பிகளை எடுத்தாள். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக். தலையைத் திருகி உடைத்தால்தான் திறக்கும். எதையும் யாரும் உடைக்கவில்லை. அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு கசியவில்லை.

விஷம் மெஷினில் இல்லை. இந்தப் போனில் இருக்கிறது!

"அக்கா? இருக்கியளா?"

"மூச்சு... முட்டுது..."

"பொறுத்துக்கோங்க. மெஷின மட்டும் போட்டுறாதீய."

"போடல... போட்டா சத்தம்... கேக்காதா ஒங்களுக்கு..."

"ம்."

திருப்தியான 'ம்'.

குப்பியைத் திருகி ஊற்றினாள். மாஸ்க்கை மாட்டி பட்டனை அழுத்தினாள். சத்தமே இல்லாமல் புகை எழுந்தது. ஒரு இழுப்பு. இன்னொன்று. நெஞ்சின் பூட்டு மெல்லத் தளர்ந்தது.

பழைய மெஷின் என்றால் பிளக் பக்கத்திலேயே கட்டிப் போட்டிருக்கும். இதை முகத்தில் மாட்டிக்கொண்டே போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். லைனைக் கட் பண்ணாமல் அதே போனிலிருந்து, வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் மூசாவுக்கு ஒரு மெசேஜ். 'கொல்லப் பாக்காங்க. பின்பக்கமா வாங்க. சைரன் வேண்டாம்.'

திரும்பி வந்து போனை மேஜையில் வைத்தாள். மாஸ்க்கைக் கழற்றி மெஷினோடு மடியில் மறைத்துக்கொண்டாள். போனருகே இரண்டு முறை திணறினாள். மேஜையில் தொப்பென்று தலையைச் சாய்த்தாள்.

"அக்கா... அக்கா..."

மூச்சுச் சத்தத்தையும் அடக்கிக்கொண்டாள். குரல் கொஞ்ச நேரம் காத்திருந்தது. கட்.

சாரல் ஓட்டில் தட்டிக்கொண்டிருந்தது. மூசா வந்தாரா, இல்லையா? செத்தாளா என்று பார்க்க ஆள் வரும்; திரும்பிப் பார்க்க முடியாது.

முன்கதவில் சாவி திரும்பியது.

மாற்றுச் சாவி ஒரே ஒருவரிடம்தான் உண்டு. எபனேசர். செத்துப்போன கணவனின் கூட்டாளி, சர்ச் கமிட்டி ஆள். "பயப்படாம சாட்சி சொல்லு தாயி, நான் இருக்கேன்" என்று மாதக்கணக்காகத் தைரியம் சொன்னவர். கோர்ட்டுக்குத் தன் காரில் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருந்தவர்.

அப்பாடா... எழுந்திருக்கப் போனாள்.

எழவில்லை. பாதி மூடிய கண்ணால் பார்த்தாள்.

மேஜையில் சாய்ந்து கிடப்பவளை அவர் கூப்பிடவில்லை. தொட்டு உலுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நீல இன்ஹேலர்!

அடுத்து அவள் போனை எடுத்து, வந்த நம்பரை அழிக்கத் தேடினார்.

"நேத்து ஜெபத்துக்கு வந்தப்ப எடுத்தது. இப்பத்தான் தாரியளா அண்ணாச்சி?"

போன் அவர் கையிலிருந்து நழுவியது.

"ரெபேக்காள்... நீ... ஒனக்கு..."

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் வேர்க்குது."

அடுக்களைக்குள்ளிருந்து மூசா வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "தளவாய் மரக்கடைல ஒமக்கு எவ்வளவு நாளாவே பங்கு?"

எபனேசர் தலை குனிந்தார். பார்வை மட்டும் அலமாரிக்குப் போனது. "மெஷின் சத்தமே... கேக்கலையே..."

ரெபேக்காள் மடியிலிருந்த புது மெஷினைத் தூக்கிக் காட்டினாள். "இது சத்தம் போடாது அண்ணாச்சி. கூடவே இருந்து வேல பாக்கும். ஒங்கள மாதிரியே."

"சாட்சி சொல்லத் தெம்பிருக்காம்மா?" என்றார் மூசா.

"மூச்சுக்குப் பஞ்சமில்ல சார். கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருக்காரு. ஒங்க ஜீப்புல அவருக்கும் ஒரு எடம் போடுங்க."