ஐந்தாவது கம்பி

பெட்டியைத் திறந்தபோது உள்ளே கிட்டார் இல்லை. நீல வெல்வெட்டில் அதன் உருவம் மட்டும் பள்ளமாகப் பதிந்து கிடந்தது.

1996 நவம்பர். காரமடையில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால், இசைக்குழுவினருக்கென ஒதுக்கப்பட்ட சிறிய அறை. மணி ஏழு. இன்னும் அரை மணி நேரத்தில் வரவேற்புக் கச்சேரி தொடங்கியாக வேண்டும்.

"என் பேஸ் எங்கீங்க?" என்றான் மனோஜ்குமார். வெள்ளகோவிலில் நூல் மில் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. குழுவின் முதல் பேஸ் கிட்டார்காரன். காணாமல்போனது சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஐந்து கம்பிக் கிட்டார்.

அறையிலிருந்தவர்களின் பார்வை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முகத்தில் போய் நின்றதைப் பாடகி சாயிரா பானு கவனித்தாள். பீளமேட்டுக் கல்லூரியொன்றில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள் அவள். கண்ணாடிக் குடுவையில் நிறம் மாறும் கணத்தைத் தவறவிடாத கண்கள். அந்த ஒரே முகம் உமர் பாரூக்கினுடையது. பம்புசெட்டுக் கம்பெனியில் சோதனைப் பொறியாளர். குழுவின் இரண்டாவது பேஸ்காரன். அறைச் சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

சந்தேகத்துக்குக் காரணமும் தயாராக இருந்தது. மணப்பெண்ணின் தாய்மாமன் ஐயாசாமி, தைப் பொங்கலுக்குக் குழுவைச் சார்ஜாவுக்கு அழைத்துச் செல்ல இசைந்திருந்தார். பேஸ் வாசிக்க ஒருவருக்குத்தான் இடம். இன்று முதல் பாதியை மனோஜும் பின்பாதியை உமரும் வாசிப்பது, கேட்டுவிட்டு அவர் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு.

செய்தி கேட்டு ஐயாசாமியே வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை, அது உயர்த்தியதைவிட மோசமாக இருந்தது.

"சாவி யாருகிட்ட இருந்துச்சோ, பதிலும் அவருகிட்டத்தானுங்க இருக்கோணும். விசேச ஊட்ல திருட்டுப் பேச்சு வந்துபோச்சு. கால் மணி நேரம் பாக்கறனுங்க. அப்புறம் ஸ்டேசனுக்குச் சொல்லியுடுவேன்."

"ஐயா, எங்க பசங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க," என்றார் குழுத்தலைவர் பாலுசாமி. சொல்லும்போது அவர் உமரைப் பார்க்கவில்லை.

"உமருங்ணா, நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று சாயிரா கேட்டாள்.

"நான் எடுக்கல." அவ்வளவுதான். ஆனால் அவன் கண்கள் அவள் கையிலிருந்த கம்பியில்லா மைக்கின்மீது ஒரு கணம் விழுந்து, சட்டென்று விலகின.

அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

மனோஜ் நடந்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னான். "ஆறரை மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு வாசலுக்கு வந்து, வெடி வெச்சானுங்க இல்லீங்களா? அப்பத்தான் இங்க ஆம்ப்ல போட்டு வாசிச்சுப் பாத்தேன். பொட்டியில வெச்சு, ரூமைப் பூட்டி, சாவிய உமர் கையில குடுத்துபோட்டு மாடிக்குச் சட்டை மாத்தப் போனேன்."

"ஆமா, குடுத்தார்," என்றான் உமர். "நான் கதவுக்கு முன்னாடியேதான் சேர் போட்டு உக்காந்திருந்தேன்."

"அதத்தாங்க நானும் சொல்றேன்," என்றான் மனோஜ்.

வேடிக்கை பார்க்க எல்லாரும் வாசலுக்கு ஓடிவிட்டிருந்த நேரம் அது. வெடிச் சத்தத்தில் அறைக்குள் யார் எதை வாசித்தாலும் வெளியே கேட்டிருக்காது. உமரிடம் சாவி இருந்தது, காரணம் இருந்தது, தனிமையும் இருந்தது. எல்லாம் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியதே சாயிராவை உறுத்தியது.

அந்தக் கிட்டார் வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. குழுவே கூடி நின்று பார்த்தது. உமர் அதைத் தோளில் மாட்டி, நின்றும் உட்கார்ந்தும் வாசித்துவிட்டு, தயக்கத்தோடு சொன்னான்: "பாக்க ராசாவாட்டம் இருக்குதுங்க. ஆனா கழுத்து ரொம்ப அகலம். நாலு மணி நேரம் தோள்ல தொங்கோணும். உங்க கைக்கு நாலு கம்பியே தோதுங்க. இதுக்கு முதுகுல பேட்டரி வேற போடோணும், அது இல்லாட்டி வெறும் கட்டைதான், பொட்டுச் சத்தம் வராது."

மனோஜ் சிரித்தான். "வாட்சுக்கே பேட்டரி போடறோம். கல்கத்தா கட்டைய வாசிக்கறவருக்கு இதெல்லாம் புதுசாத்தானுங்க இருக்கும். ஒண்ணு சொல்லிப்போட்டேன், இதை யாரும் தொடக் கூடாது."

உமரின் நான்கு கம்பிக் கல்கத்தாக் கிட்டார் மழைக்காலத்தில் கழுத்து வளைந்துகொள்ளும். அதை அவன் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் பொறுமையாக நிமிர்த்துவான். அன்று அவன் சிங்கப்பூர்க் கிட்டாரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

சாயிரா ஒதுங்கி நின்று, காத்திருக்கும் நேரங்களில் செய்வதுபோல மைக்கை அணைத்து, அடிமூடியைத் திருகினாள். ஐந்தரை மணிக்கு மைக் உயிரைவிட்டிருந்தது. மாற்றுப் பேட்டரியை வீட்டிலேயே மறந்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தவன் உமர். பிறகு பாதி மண்டபம் கேட்க அவள் மைக்கைச் சோதித்தாள்.

சதுரப் பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. அதன் விலாவில் உலர்ந்த சந்தனம். அதன்மேல் ஒரு குங்குமப் புள்ளி.

அதை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

ஆயுத பூஜைக்குப் பாலுசாமி எதையும் விட்டுவைப்பதில்லை. கீபோர்டு, வயர்ச் சுருள், பேட்டரி, வேனின் ஸ்டெப்னி டயர் வரை பொட்டு வைப்பார். ஆனால் மைக் பேட்டரி கச்சேரிக்கு ஒன்றாகச் செலவாவது. சென்ற மாதத்துப் பொட்டோடு அது மிஞ்சியிருக்க வழியில்லை. இதேபோன்ற சதுரப் பேட்டரி ஒன்றையே மாதக்கணக்கில் வயிற்றில் வைத்திருக்கும் கருவி குழுவில் ஒன்றுதான்.

அப்படியானால் மனோஜின் கிட்டாரை உமர் திறந்திருக்கிறான். திறந்ததை மறைத்தும் இருக்கிறான்.

அவனைப் பந்திக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியருகே அழைத்துப்போனாள். பேட்டரியை நீட்டினாள்.

"இது எங்கிருந்து வந்துதுங்ணா?"

உமர் பந்திக்கூடத்து வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "கல்யாண ஊட்டுக்காரங்க கடைதான் எதிர்க்க. அதையும் அடைச்சுபோட்டாங்க. உன் மைக் இல்லாம கச்சேரி ஏது? அவருகிட்டக் கேட்டா குடுக்க மாட்டாரு. அப்ப ரூம் தொறந்தே கெடந்துச்சு, பெட்டியில பேஸ் இருந்துச்சு. அவரு முதல் பாட்டுக்கு முன்னாடி எப்படியும் வேற ஒண்ணு தேடிப் போட்டுரலாம்னு கழட்டிட்டேன், பானு. இப்பச் சொன்னா, தொட்டவன்தான் தூக்கியிருப்பான்னுதானே சொல்லுவாங்க?"

சொல்லுவார்கள். அவளே ஒரு நிமிடம் முன்பு அப்படித்தான் நினைத்தாள். அந்த நினைப்பின் ஓரத்திலேயே வேறொன்று தட்டுப்பட்டது. ஐந்தரை மணிக்குக் கழற்றியது. ஆறரை மணிக்கு...

"ஒரு வார்த்தையும் பேசாதீங்க," என்றாள். "நான் கேக்கறேன்."

அறையில் எல்லாரும் இருந்தார்கள். சாயிரா வருத்தம் தோய்ந்த குரலில் தொடங்கினாள்.

"மனோஜுங்ணா, ஸ்டேசன்ல கேப்பாங்க, அதனால கேக்கறேன். ஆறரைக்கு நீங்கதான் வாசிச்சீங்க?"

"நானேதான்."

"ஆம்ப்ல போட்டு?"

"ஆம்ப்ல போட்டுத்தான். அஞ்சு கம்பியும் தட்டிப் பாத்தேன். அஞ்சாவது கம்பி இடியாட்டம் கேட்டுது."

"முதுகுப் பக்கம் தொறந்தீங்களா? பேட்டரி கீட்டரி மாத்தினீங்களா?"

"எதுக்குங்க மாத்தறேன்? ஆயுத பூஜைக்கு மாஸ்டர் பொட்டு வெச்சதுதான் இன்னும் உள்ள இருக்குது."

"மாஸ்டர், நீங்க பொட்டு வெச்சீங்களா?"

"அதுக்கும் வெச்சேன் அம்மணி," என்றார் பாலுசாமி. "சந்தனம் தொட்டு வெச்சேன். கேலி பண்ணுனாங்க."

சாயிரா கையை விரித்தாள். சதுரப் பேட்டரியைப் பாலுசாமி குனிந்து பார்த்தார். தன் பொட்டை அடையாளம் கண்ட அவர் முகம் மெல்ல இறுகியது.

"ஐயா," என்று அவள் ஐயாசாமியிடம் திரும்பினாள். "இது அந்தக் கிட்டாரோட பேட்டரிங்க. அஞ்சரைக்கு உமரண்ணன் எடுத்து என் மைக்குல போட்டார். கேக்காம எடுத்தது தப்புத்தான். அப்ப நான் மைக்குல பேசினத மண்டபமே கேட்டுது. அப்போதிருந்து இது என் கையிலதானுங்க இருக்குது. இது இல்லாம அந்தக் கிட்டார்ல ஒரு சத்தமும் வராது. ஒரு மணி நேரம் கழிச்சு இடி எங்கிருந்துங்க கேட்டுது?"

ஐயாசாமி மனோஜின் பக்கம் திரும்பினார்.

"மனோஜண்ணன் வாசிக்கவே இல்லீங்க. எல்லாரும் வாசலுக்கு ஓடினப்போ கிட்டாரை மட்டும் எடுத்து எங்கயோ வெச்சுட்டு, வெறும் பொட்டியை உள்ள வெச்சு, ரூமைப் பூட்டிச் சாவியை இவர்கிட்டக் குடுத்திருக்கார். சாவி கைமாறுற வரைக்கும் கிட்டார் உள்ள இருந்துச்சுன்னு காட்டத்தான் அந்த வாசிப்புக் கதை. உண்மையிலயே வாசிச்சிருந்தா, சத்தம் வரலீன்னு அப்பவே கூப்பாடு போட்டிருப்பார்."

மனோஜ் பெட்டியின் வெல்வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு சட்டைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தான்.

"டிக்கியில இருக்குது," என்றான். குரல் அடங்கியிருந்தது. "மூணு மாசமாப் பழகறேன். அந்த அஞ்சாவது கம்பி என் கைக்கு வரவே மாட்டேங்குது. நாலாவதுன்னு நெனச்சு அதைத் தொட்டுப்போடறேன். உங்க முன்னாடி வாசிச்சுபோட்டு, அப்புறம் இவரு வாசிச்சா..."

"வாசிக்க முடியலீன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அவமானம்," என்றார் ஐயாசாமி. "இவரப் போலீசுக்கு அனுப்பப் பாத்தீங்களே தம்பி." பிறகு உமரின் பக்கம் திரும்பினார். "பதில் உங்ககிட்ட இருக்கோணும்னு சொல்லிபோட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஏழரை மணி. பாலுசாமி சிங்கப்பூர்க் கிட்டாரைக் கொண்டுவந்து உமரிடம் நீட்டினார். உமர் தலையசைத்து மறுத்தான். வேனிலிருந்து தன் கல்கத்தாக் கிட்டாரை எடுத்துவந்து, கழுத்தை ஒரு கண்ணால் நோட்டம் பார்த்து, திருகாணியை அரைச் சுற்று இறுக்கினான்.

"பேட்டரி மைக்குலயே இருக்கட்டும்," என்றான். "இதுக்கு அது வேண்டியதில்ல."

சாயிரா பேட்டரியை மறுபடி மைக்கில் போட்டு மூடினாள். திரைக்குப் பின்னால் இருவரும் அருகருகே நின்றார்கள். கம்பிகளைச் சுருதி சேர்த்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே அவன் கேட்டான்.

"அந்தப் பொட்டைப் பாத்ததும் என்ன நெனச்சே பானு?"

பொய் சொல்வது எளிதாக இருந்தது. அன்று மாலை அந்த அறையில் அது போதுமான அளவு சொல்லப்பட்டிருந்தது.

"நீங்கதான் எடுத்தீங்கன்னு நெனச்சேன்."

உமரின் விரல் ஒரு கணம் கம்பியில் நின்றது. பிறகு அதை மீட்டினான். அந்தக் கனத்த ஒலி மேடைப் பலகை வழியாக அவள் பாதத்தில் ஏறியது.

"சரி," என்றான். "திரை தூக்கறாங்க. மைக்கைப் போடு."