திமிங்கிலத்துக்கு வழி எது?

தலைநகரத்தில் வந்து இறங்கியதும் பெரியப்பா முதல் காரியமாகத் தன் செல்போனை அணைத்தார். அதை ஒரு துண்டில் சுற்றினார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அதற்கு மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இனிமே எவன் பறிக்கிறான்னு பாக்கிறேன்."

"யாராவது போன் பண்ணினா?" என்று பெரியம்மா கேட்டார்.

"பண்ணட்டும். எடுத்தாத்தானே பறிப்பான்?"

கொசு சிரித்தாள். கொசு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பேர். எந்நேரமும் யார் காதிலாவது ஒரு கேள்வியோடு ரீங்காரம் போடுவாள், அதனால் வந்தது. கோடை விடுமுறைக்குப் பெரியப்பா வீட்டுக்கு வந்தவளுக்குத் தலைநகரத்தைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார்கள். ஒரே ஒரு பகல்தான். சாயங்காலம் ரயிலேற வேண்டும்.

கொசு பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. இந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. அதன் தாடைக்கு அடியில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம் என்று அவள் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது.

"புத்தகம் போடறவன் என்ன வேணா போடுவான்," என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

நிஜமா பொய்யா என்று நின்று பார்த்துவிடுவது என்று கொசு முடிவு கட்டியிருந்தாள்.

"அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க பெரியப்பா. மொதல்ல அங்க போலாமா?"

"அஞ்சுன்னு போட்டிருந்தா ஆறு வரைக்கும் தொறந்திருக்கும். கூட்டம் வரக்கூடாதுன்னு அப்படிப் போடுவாங்க. மொதல்ல அரண்மனை."

அரண்மனை வாசலில் நீள வரிசை நின்றது. பக்கத்து வாசல் வழியாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பா வரிசையை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள ஏதாவது இருந்தா, போனவன் இவ்வளவு சீக்கிரம் வெளிய வருவானா? வாங்க போலாம்."

மணிக்கூண்டுக்குப் போனார்கள். அது பெரியப்பாவின் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. "இவ்வளவு உசரத்துல வச்சு இவ்வளவு தப்பா ஓட விட்டிருக்கானே!" என்றார். கூண்டில் ஓடியது தப்பா, கையில் கட்டியது தப்பா என்று யாரும் கேட்கவில்லை.

நீரூற்றில் பிள்ளைகள் நனைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கொசுவும் ஒரு காலை நீட்டினாள்.

"ஏமாத்து வேலை அது. மேல போற தண்ணியும் கீழ வர்ற தண்ணியும் ஒண்ணுதான்," என்று சொல்லிக் காலை எடுக்க வைத்தார்.

நாடாளுமன்றத்தை மட்டும் வேலிக்கு வெளியே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருப்பார்.

மத்தியானத்துக்கு மேல்தான் திமிங்கிலத்தைத் தேடிக் கிளம்பினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியம்மாவின் செருப்பு தாரில் ஒட்டி ஒட்டி வந்தது.

"ஏங்க, யாரையாவது வழி கேளுங்களேன்."

"எதுக்கு? சின்ன வயசுல ஒரு தடவை வந்திருக்கேன். எல்லாம் தெரியும்."

தெருமுனையில் வழிகாட்டிப் பலகை இருந்தது. அதைப் பெரியப்பா நம்பவில்லை. "ராத்திரியில எவனாவது திருப்பி வச்சிட்டுப் போயிருப்பான்" என்று எதிர்த் தெருவில் நடந்தார். ஒரு வட்டச் சந்தி வந்தது. நடுவில் குதிரை மேல் ஒரு ராஜா சிலை.

"பாத்துக்கோ. பெரிய ராஜா," என்றார்.

அங்கிருந்து நடந்து நடந்து, வேறொரு தெரு வழியாக இன்னொரு சந்திக்கு வந்தார்கள். அங்கேயும் குதிரை. இந்தத் தடவை அதன் வால்தான் தெரிந்தது.

"இது அவரோட தம்பி. அண்ணன் தம்பிக்குள்ள ஆகாது போல. முதுகைக் காட்டிட்டு நிக்கிறான் பாரு."

அந்த நேரம் ஒரு தபால்காரர் தானாகவே சைக்கிளை நிறுத்தினார். "அருங்காட்சியகமாங்க? வலது பக்கம் போங்க."

"கேக்காமயே சொல்றான் பாத்தியா? என்னமோ இருக்கு," என்று பெரியப்பா இடது பக்கம் திரும்பினார்.

கடைசியில் மூன்றாவதாக ஒரு குதிரை வந்தது. பக்கவாட்டில் நின்றது.

"இது..." என்று பெரியப்பா யோசித்தார். "இது அப்பா ராஜா."

"பெரியப்பா, மூணு ராஜா தலையிலயும் எப்படிக் காக்கா கூடு இருக்கு?"

பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். "ராஜ பரம்பரைன்னா எல்லாமே பரம்பரையாத்தான் வரும்," என்றார். ஆனால் குரலில் வேகம் இல்லை.

பெரியம்மா நிழலைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா துண்டு அவிழ்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜாவைச் சுற்றிச் சுற்றியே பொழுது போய்விடும், திமிங்கிலத்தைப் பூட்டிவிடுவார்கள்.  கொசு யோசித்தாள்.

பலகை ஒரு பக்கம் காட்டினால் பெரியப்பா எதிர்ப் பக்கம் போகிறார். வலது என்றால் இடது. அப்படியானால்?

ஓட்டமாக ஓடி, சந்தியில் வண்டி போட்டிருந்த ஐஸ்காரரிடம் போனாள்.

"அண்ணா, அருங்காட்சியகம் எங்க இருக்கு?"

"அதோ, மரமா இருக்கே, அந்தத் தெரு. நேரா போனா கேட் வந்துடும்."

"எங்க பெரியப்பா வந்து நின்னா, கடைத்தெருப் பக்கம்னு மாத்திச் சொல்லுங்க அண்ணா. யார் எது சொன்னாலும் அவர் எதிராத்தான் போவார்."

ஐஸ்காரர் முகம் மாறியது. "என்ன பாப்பா, பொய் சொல்லச் சொல்றே? நான் பொய்யே சொல்ல மாட்டேன். கலர் தண்ணிய பழ ஐஸுன்னு விக்கிறேன், அது தொழில்."

"ஒரே ஒரு பொய் அண்ணா. திமிங்கிலத்துக்காக."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். கொசு போய்ப் பெரியப்பாவைக் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்து வந்தாள். பெரியம்மாவும் எழுந்து பின்னாலேயே வந்தார்.

"இதுல நிஜப் பழம் இருக்கா?" என்று பெரியப்பா கண்ணைச் சுருக்கினார்.

சொல்லப்போகும் பொய்யே ஐஸ்காரருக்குப் பெரிய பாரமாக இருந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சுமக்க அவரால் முடியவில்லை. "இல்லீங்க ஐயா. பழமே கிடையாது. வெறும் கலர் தண்ணி," என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா ஆடிப்போனார். ஐஸ்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? இந்த ஊர்ல ஒரே ஒரு யோக்கியன்! ஆளுக்கு ஒண்ணு குடுப்பா. அப்படியே அருங்காட்சியகம் எந்தப் பக்கம்னு சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

கொசுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம் என்று கையை வீசினாள். பாப்பா ரொம்ப ஆர்வமாக இருக்கிறாள் என்று ஐஸ்காரர் எடுத்துக்கொண்டார்.

"கடைத்தெருப் பக்கம்ங்க," என்றார்.

பெரியப்பா கடைத்தெருவில் வேகமாக நடந்தார். வழியெல்லாம் ஐஸ்காரர் புகழ்தான். "முகத்தைப் பாத்தாலே தெரியுது. பால் மாதிரி மனசு." வாளிக்கடை, பாய்க்கடை, பூட்டுக்கடை என்று வந்துகொண்டே இருந்தன. திமிங்கிலம் பின்னால் தூரமாகிக்கொண்டே போனது.

சும்மா இருந்தால் திமிங்கிலம் போய்விடும். அந்த ஆள் தப்பாகச் சொன்னார் என்று மட்டும் சொன்னால், வாழ்க்கையிலேயே முதல் தடவை பெரியப்பா நம்பிய மனிதர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார். கொசுவின் கையில் ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது.

"பெரியப்பா, நில்லுங்க. அந்த அண்ணன் சொன்னது பொய்."

பெரியப்பா நின்றார். "என்ன?"

"அவர் மேல தப்பில்ல. நான்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன். நீங்க எப்பவும் எதிர்ப் பக்கம்தானே போவீங்க? அதான். நீங்க இப்படித் திடீர்னு நம்புவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

 பெரியம்மா வாளிக்கடையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளி மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"கல்யாணமான நாள்லேருந்து நானும் இதைத்தானே பண்றேன். சாப்பிட வராதீங்கன்னு சொன்னாத்தானே சாப்பிடவே வர்றீங்க!"

"அம்மா, அது விக்கிற வாளி," என்றார் கடைக்காரர்.

பெரியப்பா இருவரையும் மாறி மாறி முறைத்தார். பிறகு, "சரி, இப்ப நிஜமா எந்தப் பக்கம்?" என்றார்.

"மரமா இருக்கிற தெரு. இது சத்தியமா நிஜம் பெரியப்பா."

அவர் ஒரு நொடி யோசித்தார். அப்புறம் ஓடினார். இடுப்பில் துண்டோடு அவர் முன்னால் ஓட, கொசு நடுவில் ஓட, பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார். "மூடுற நேரம். பாத்துட்டு உடனே வந்துடணும்," என்று உள்ளே விட்டார்.

திமிங்கிலம் அந்தக் கூடம் முழுக்க இருந்தது. கொசு தாடைக்கு அடியில் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் வாய் மூடி இருந்ததே இல்லை என்று பெரியம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

"சிமெண்ட்ல பண்ணியிருப்பான்," என்று முணுமுணுத்துக்கொண்டே பெரியப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார். மெதுவாக முதுகை நிமிர்த்தினார். தலை இடிக்கவில்லை. இன்னும் எக்கி, குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். அப்போதும் இடிக்கவில்லை.

"பரவாயில்ல. புத்தகம் போட்டவன் ஒரு தடவை வந்து நின்னு பாத்திருக்கான்," என்றார்.

மணி அடித்தது. எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று காவலாளி கை தட்டினார். கூடத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. பெரியப்பா ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, வெளிய போற வழி எது?"

"இடது பக்கம்ங்க ஐயா."

பெரியப்பா இடது பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பிக் கொசுவைப் பார்த்தார்.

"இவர்ட்டயும் நீ ஏதாவது சொல்லி வச்சிருக்கியா?"