இராசாத்தி மூச்சுப் பழகிய விதம்

துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தோணியின் குறுக்கே வைத்த பிறகும், இராசாத்தி அதன் பிடியில் காதை வைத்தபடியே இருந்தாள்.

"போதும் மகள். இனி அது கேக்காது," என்றான் வினாயகமூர்த்தி.

"கேக்குது அப்பா," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளை அழாமல் இருக்கிறாளே, அது போதும் என்றிருந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் இந்த ஒரு சிரிப்பைப் பார்க்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றிரண்டு மாசியில், ஓடத்துறையில் நடந்த சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவன் மனைவி புஸ்பத்தின் தம்பி சீனித்தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த நேரம் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இராசாத்தி. அவன் திரும்பி வரவில்லை. வாவிக்குள் போட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை கேட்கிறாளே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. படலையில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், தூரத்தில் லொறி இரைந்தால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, விழுங்க விழுங்கக் காற்றுப் போதாதவளாக இழுப்பாள். கை சில்லிடும், உதடு வெளிறும், "சாகப்போறன் அப்பா" என்று கத்துவாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார்கள். பரிகாரி தண்ணீர் ஓதிக் கொடுத்து நூல் கட்டினார். நூல் கறுத்ததுதான் மிச்சம். ஆளுக்கொரு புத்திமதி கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது. ஒருநாள் பொறுமை கெட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கியும்விட்டான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு தாதிதான் உருப்படியாக ஏதோ சொன்னாள். "ஏசாதீங்க. எதுக்குப் பயப்படுறாளோ அதுக்குக் கிட்டக் கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டிட்டுப் போங்க. கையப் புடிச்சிட்டு, அவளோட சேந்து நீங்களும் மெல்ல மூச்செடுங்க."

இராசாத்தி எல்லாவற்றிலும் தண்ணீருக்குத்தான் அதிகம் பயந்தாள். அவன் ஒவ்வொரு பின்னேரமும் கூட்டிப் போனான். முதலில் கரை. மறுகிழமை கணுக்கால். பிறகு முழங்கால். பிறகு தோணி. நடுவில் எத்தனை நாள் கத்தி, வாந்தியெடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வைத்தாள்! அதனால்தான் துடுப்பு ஞாபகம் வந்தது. வாவியில் நிலாக்காலத்தில் மீன் பாடும். துடுப்பைத் தண்ணீரில் விட்டுப் பிடியில் காதை வைத்தால் தெளிவாகக் கேட்கும். சிறுவயதில் அவன் அப்படிக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறான். அந்த வருஷம் மட்டும் தோணிக்காரர் ஒருவரும் துடுப்பில் காது வைப்பதில்லை. தண்ணீருக்குள் யார் யார் கிடக்கிறார்களோ என்ற பயம். ஊரே இப்படிப் பயந்து செத்தால் பிள்ளை எப்படித் தேறுவாள் என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. நிலா கிளம்புகிற நேரம், ஊரடங்குக்கு முன்னால், துடுப்பை அவள் காதில் வைத்தான்.

பத்து நாளில் பிள்ளை மாறிவிட்டாள். சோறு கேட்டுச் சாப்பிட்டாள். புஸ்பம் அடுப்படியில் மீண்டும் பாடத் தொடங்கினாள்.

பதினோராம் நாள் ஆமி ஹெலிகொப்டர் ஒன்று கூரையை உரசுவது போலப் போனது. வினாயகமூர்த்தி வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். இராசாத்தி மாமரத்தடியில் வாயை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தாள்.

"பயமில்லையா மகள்?"

"மூச்சப் புடிச்சா பயம் வராது அப்பா. மாமா சொல்லித் தந்தவர்."

"எப்ப?"

"துடுப்புக்குள்ள."

அவன் நேரே அடுப்படிக்குப் போய்ப் புஸ்பத்தின் மேல் பாய்ந்தான். "தம்பிர கதையெல்லாம் ஏன் புள்ளைக்குச் சொல்றாய்?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. புள்ள சுகமா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கல்லியா?"

அவன் துடுப்பைக் கூரை வளையில் செருகிவிட்டான். தோணிப் பக்கமே பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. அவள் கேட்கவும் இல்லை. பாயில் குப்புறக் கிடந்து கணக்குச் செய்வாள். அவன் கிழிந்த வலையைப் பொத்துவது போலப் பக்கத்தில் இருந்து அவள் முதுகைப் பார்ப்பான். முதுகு ஏறும். நிற்கும். மனதுக்குள் எண்ணுவான். நூறு. இருநூறு. அவள் எழுதிக்கொண்டிருப்பாள். "விடு மகள்" என்றால், அவனுக்காக விடுவது போல ஒரு சின்ன மூச்சு விடுவாள். அந்த மூச்சில் வாவிச் சேறும் அழுகிய கண்டல் இலையும் மணக்கும்.

அடுத்த வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு றோட்டில் லொறிகள் வந்து நின்றன. சத்தம். நாய்கள். பூட்ஸ். வீட்டுக்குள் மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக் கிடந்தார்கள்.

"பயப்புடாதீங்க அப்பா," என்றாள் இராசாத்தி. "நம்மட வீட்டுக்கு வரமாட்டாங்க."

அவன் அவளை நெஞ்சோடு அணைத்திருந்தான். அப்போதுதான் தெரிந்தது. அவள் நெஞ்சு அசையவில்லை. மூக்கடியில் விரலை வைத்தான். இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பிடித்தான். கண்ணாடி மங்கவில்லை.

"மூச்செடு இராசாத்தி."

"ஏன் அப்பா?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

றோட்டால் போக முடியாது. ஆஸ்பத்திரி அக்கரையில். அவளைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் பாய்ந்தான். "என்ன செய்றீங்க? புள்ளைக்கு என்ன?" என்று புஸ்பம் பின்னால் ஓடி வந்தாள். சொல்ல அவனுக்கு நேரமில்லை. தோணியைத் தள்ளினான். கம்பால் ஊன்றினான். ஊன்றினான். கம்பு நிலத்தைத் தொடாத ஆழத்துக்கு வந்ததும் காற்றும் விழுந்து, தோணி நின்றுவிட்டது. துடுப்பு வீட்டு வளையில் கிடந்தது.

நெஞ்சு இறுகியது. அவனுடைய நெஞ்சு. கை சில்லிட்டது. வாயைத் திறந்தான். காற்றுப் போதவில்லை.

"கத்தாதீங்க அப்பா," என்றாள் அவள், பொறுமையாக. "அது பயத்தால வாறது. ஒண்டும் செய்யாது."

சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கினாள். அவன் பாய்ந்து கையைப் பிடித்தான். பிடித்துவிட்டான். தோணி விளிம்பில் நெஞ்சு அழுந்த, இழுத்தான். வரவில்லை.

ஒரு முழ ஆழத்தில், கலங்கல் தண்ணீருக்குள், அவள் முகம். கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல, நிறுத்தி நிறுத்தி, அவனுக்கு என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

அவன் விரலை விட்டான். அவள் விடவில்லை.